தோளில் மிச்சமிருந்த விரல்கள்

எனக்கு எழுபத்தாறு வயசு. நான் வளர்த்தது அஞ்சு பிள்ளைகள். பெத்தது எத்தனை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு பார்வை பார்ப்பேன். அவர்களே மழையைப் பற்றியோ தேங்காயைப் பற்றியோ பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகனுடைய மகள் எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறவள். நான் ஊடு என்றால் அவள் வீடு என்று எழுதுகிறாள். போகட்டும் என்று விட்டிருக்கிறேன். எனக்கும் எழுத்துத் தெரியும், அதையும் எழுதிக்கொள் என்றேன். தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்குப் போன காலத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, என் பேரை மலையாளத்தில் எழுதப் பழகினேன். தமிழ் எழுத்து பஸ் போர்டில் பழகினது. கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் எதுவென்று நான் இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வாசிப்பேன். அன்றைக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அஞ்சு பேர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி, என் ஓரகத்தி, இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். மூத்தது பையன், நாலு வயசு. பிறந்தது பெண். மூணு நாள் கழித்து எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, அதுவும் பெண். ஓரகத்தி மகள் வெள்ளிக்கிழமை, என் மகள் திங்கள்கிழமை. ஒரு பக்கம் அவளுக்கும் ஒரு பக்கம் இவளுக்கும் பால் கொடுத்தேன். லாரி ஓட்டப் போன என் வீட்டுக்காரருடைய அண்ணன் வடக்கே எங்கேயோ இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்டார் என்று சேதி வந்தது. ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு பெண்ணும் கடைசியாக ஒரு பையனும். அஞ்சு பேரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியோடு நான் அதற்குப் பிறகு பேசவில்லை. அவளும் செத்துப் போனாள், பேசாமலேயே.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீட்டில், இருக்கிறாள். அத்தான் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கப் போனவர். அவர் காலத்துக்குப் பிறகு மகன் தேயிலைக் கொழுந்து ஆபீசில் வேலை பார்க்க, அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரு படம் கிடையாது. கல்யாணப் படம்கூடக் கிடையாது. அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது என்று போன் வந்ததும், போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சின்ன மகன் கார் எடுத்தான். அவன், அவன் பெண்சாதி, பேத்தி, நான்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்டில் அந்தப் பக்கம் போய், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அப்புறம் சின்னார் காட்டில் திரும்பவும் இந்தப் பக்கம். அந்தக் காட்டு ரோட்டில் யானையைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. என் மகன் டவரைப் பார்க்க நிறுத்தினான்.

காரணம் இருக்கிறது. முன்னொரு தரம் ஆழியாற்றில் குனிந்து முகம் கழுவும்போது அவன் சட்டைப் பையிலிருந்து போன் தண்ணீருக்குள் போய்விட்டது. இந்தப் பேத்தி பெரியவளானபோது செய்த திரட்டிச் சீர் படம் முழுவதும் அதற்குள்ளே இருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பயம். வழியில் எங்கே படம் எடுத்தாலும், எடுத்த கையோடு அதை மேலே ஏற்றிவிட வேண்டும். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும், போன் தண்ணீரில் போனாலும் தீயில் போனாலும் படம் போகாது என்றான். நெல்லைப் பத்தாயத்தில் போட்டுப் பூட்டுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பத்தாயத்துக்குச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. என் முகத்தைக் கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இன்னும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கியா" என்றாள். அறுபது வருசம் தெக்கத்தி ஆட்களோடு லயத்தில் இருந்து அவள் பேச்சே மாறிப் போச்சு. என்னைப் பெத்த அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அக்காதான் அந்த முகம் என்று எல்லாரும் சொல்வார்கள்.

வாசலில் ரெண்டு பேரையும் உட்காரவைத்து மகன் படம் எடுத்தான். தேயிலை பின்னால், மாட்டுத் தொழுவம் பின்னால், அக்கா என் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி, நான் தள்ளிவிடுகிற மாதிரி. பேத்தி நடுவில் வந்து உட்கார்ந்து ஒன்று எடுக்கப் போனாள். அக்கா அவளைப் பிடித்துத் தள்ளினாள். மூணு பேர் ஒரு படத்தில் நிற்கக் கூடாது, ஒருத்தருக்கு ஆகாது என்பது அவளுடைய நம்பிக்கை. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளை ஈரக் கையோடு இழுத்து வந்து நாலாவது ஆளாக நிறுத்தின பிறகுதான் அக்கா சிரித்தாள்.

அதற்குள் போனில் இடம் இல்லை என்று வந்துவிட்டது. லயத்தில் டவரும் இல்லை. மகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியம்மா படம் இதற்குள்ளே மட்டும்தான் இருக்கிறது, இது இப்போது போனால் என்ன பண்ணுவது என்று போனைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டே இருந்தான். பொழுது சாய்கிறதுக்குள் மூணாறில் ரூம் போட்டிருந்த லாட்ஜுக்கு இறங்கிவிட்டோம். அங்கே வைஃபை இருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி மேலே ஏற்றிவிட்டான். ஊரில் இருக்கிறவர்களும் பார்க்கட்டும் என்று குடும்ப குரூப்பிலும் லிங்க் என்று ஒன்றை அனுப்பிவிட்டான். அதைத் தொட்டால் எல்லாப் படமும் திறக்குமாம். குரூப்பில் என் அஞ்சு பிள்ளைகளும் உண்டு.

மறுநாள் காலையில் நல்ல மழை. வெளியே போக முடியவில்லை. பேத்தி போனை லாட்ஜ் டிவியோடு சேர்த்துவிட்டாள். எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றான் மகன். நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுவர் அளவு டிவியில் அக்கா வந்தாள். அவள் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அடுத்தது, அடுத்தது என்று பேத்தி தள்ளிக்கொண்டே வந்தாள். மாடு வந்தது. ஈரக் கையோடு அந்தப் பெண் வந்தாள்.

அப்புறம் நான் வந்தேன்.

நான் மட்டும். மெரூன் கலர் சேலை. வாய் நிறையச் சிரிப்பு. சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே ஒரு குத்துவிளக்கு எரிகிறது. மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி.

அந்த ரெண்டு வார்த்தையை நான் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கரண்டு கம்பத்திலும் பார்த்துப் பழகினது. செத்தவர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டாம், ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது. நெஞ்சு அடிக்கிறதா என்று நானே தொட்டுப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் வாயைத் திறந்தது மருமகள். "உங்க பொறந்தநாளுக்குப் பண்ணினதுங்க அத்தை" என்றாள். பேத்தி டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினாள். அணைக்காதே என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. தோற்றம் என்று ஒரு பக்கம், அதற்குக் கீழே நான் பிறந்த வருசம். மறைவு என்று ஒரு பக்கம், அதற்குக் கீழே வெறும் கோடு.

"பொறந்தநாளுக்கு மறைவுன்னு எதுக்குப் புள்ள போடறாங்க?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவங்கப்பா இறந்தபோது வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிசாக்கி ஃப்ளெக்ஸ் போட்டார்கள். திருடனைப் பிடித்து நிறுத்தி எடுத்த மாதிரி இருந்தது. நான் அன்றைக்கு எழவு வீடென்றும் பார்க்காமல் எல்லார் முன்னாலும் இவனைத் திட்டினேன். என் புருசன் எப்பேர்ப்பட்ட ஆளு, எனக்காவது நல்ல படமா வைங்கடா என்று கேட்டேன். கேட்டது சரிதான். இப்போதும் கேட்பேன். அதை மனசில் வைத்து, நல்ல படம் கிடைத்தபோது இவன் கொழிஞ்சாம்பாறை ஃப்ளெக்ஸ் கடையில் முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறான். கடைசி நேரத்தில் அழுதுகொண்டு படம் தேட முடியாது, போன் தொலைந்தாலும் இருக்க வேண்டும் என்று மேலேயும் ஏற்றி வைத்திருக்கிறான். நேற்று மொத்தமாக அள்ளினதில் இதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

சாவைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. எழுபத்தாறு வயசில் அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும். அந்த அதிர்ச்சி டீ ஆறுகிற நேரத்தில் ஆறிவிட்டது. அதற்குள் நான் கீழ்வரியை வாசிக்க ஆரம்பித்திருந்தேன்.

கீழே பேர்கள். எழுத்துக் கூட்டினேன். முதல் பேர் இவன். ரெண்டாவது பேர் திங்கள்கிழமைக்காரி. மூணாவது பேர் அடுத்தவள். அப்புறம் மருமக்கள், பேரன் பேத்திகள். அப்புறம், மற்றும் உற்றார் உறவினர்கள். அவ்வளவுதான். திரும்பவும் முதலிலிருந்து கூட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை போல என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

"பெரியவன் பேரு எங்கடா?"

அவன் டிவியையே பார்த்தான்.

"அவன் தங்கச்சி பேரு எங்க?"

"பங்காளி பேரெல்லாம் மேல வராதுங்கம்மா. கடைக்காரரு மகன் மகள் பேரு கேட்டாரு. சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் அந்த மற்றும்ங்கறதுல வந்துருவாங்க."

கோபத்தில் சொல்லவில்லை. சண்டை எதுவும் கிடையாது. இவன் பள்ளிக்கூடம் போனதே அந்தப் பெரியவன் தோளில் ஏறித்தான். ஊர் வழக்கம் எப்படியோ அப்படிச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அதுதான் என்னை அடித்துப் போட்டது. விரோதம் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இவன் மனசில் எப்போதுமே மூணுதான் இருந்திருக்கிறது, நான் அறியவில்லை. ஒரே சட்டியில் சோறு போட்டால் ஒரே கணக்கு ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பேத்தி எழுதுவதை நிறுத்தி, அப்பா வருத்தப்படுவாரு அப்பத்தா என்கிறாள். வருத்தப்படட்டும், எழுது என்றேன்.

நான் எழுந்து டிவி பக்கத்தில் போனேன். அந்தச் சிரிப்பு எங்கே சிரித்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. பெரியவனுடைய மகன் கல்யாணத்தில். பெரியவன் என் பக்கத்தில் நின்று காதில் சம்பந்தியைப் பற்றி ஏதோ சொன்னான், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனை வெட்டி எடுத்துவிட்டு என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் சரியாக வெட்டவில்லை. என் இடது தோளில் நாலு விரல் மிச்சம் இருந்தது. பூ வேலைப்பாட்டில் பாதி மறைந்து, பாதி வெளியே. நடுவிரலுக்கு நகம் கிடையாது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் சின்ன வயசில் கொடுத்த விரல். காப்பித்தூள் அப்பி, என் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டினது நான்தான். அந்த நகம் அப்புறம் முளைக்கவே இல்லை.

ஆளும் இல்லை, பேரும் இல்லை, விரல் மட்டும் இருக்கிறது.

அப்போதுதான் மருமகள் மெதுவாகச் சொன்னாள். "இது குரூப்புலயும் போயிருச்சுங்க."

மகன் முகத்தில் ரத்தமே இல்லை. போனைப் பிடுங்கிப் பார்த்தான். இப்போதே அழித்துவிடுகிறேன், இங்கே அழித்தால் அவர்கள் பக்கத்திலும் தெரியாமல் போய்விடும் என்றான். யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டேன். அது தெரியாது என்றான். விரலை அழிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. பெரியவன் விடிவதற்கு முன்னால் எழுந்து பால் ஊற்றப் போகிறவன். சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போது போன் பார்ப்பான். பார்த்திருந்தால் பார்த்ததுதான். பார்த்தபின் அழித்தால், ஓஹோ, எனக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள் என்று ஆகிவிடும். ஒரு அடி பட்ட இடத்தில் ரெண்டாவது அடி.

"அழிக்காதே" என்றேன். "அவன் பாத்துட்டானோ இல்லையோ, அது அப்படியே இருக்கட்டும்."

சரி, போன் பண்ணிப் பேசிவிடலாமா என்றான். என்ன பேசுவாய் என்றேன். அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மழை விட்டதும் அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று மேலே போனோம். அங்கே டவர் இல்லை. போகிற வழியிலேயே போனில் சிக்னல் போச்சு. பெரியவன் கூப்பிட்டாலும் வராது. ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கவலை. அக்கா போட்ட பால்சாயத்தை, பால் டீயைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், குடிக்க முடியவில்லை. என்ன முகம் தொங்குகிறது என்று கேட்டாள். அவளுக்கு முகம் தெரியாது, குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவள். எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி வாங்கினவள் எங்கள் வம்சத்தில் நீ ஒருத்திதான் என்றாள். பேர் விசயத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. என் மகன் இருக்கிற பக்கமாகத் திரும்பினாள்.

"மூணு பேரு ஒரு படத்துல நின்னாலே ஆகாதும்பேன். நீ ஒங்காத்தா சாவுக்கே மூணு பேரத்தான் நிறுத்தி வச்சிருக்கியா? நாலாவதுக்கு யாரு, துணி காயப்போடுற பொம்பளையா?"

அவன் எழுந்து வெளியே போய், தொழுவத்துப் பக்கம் நின்றான். வெகுநேரம் உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இறங்கி வரும்போது மாட்டுப்பட்டி அணைப் பக்கத்தில் டவர் வந்தது. போன் கொட்டுக் கொட்டு என்று அடித்துக்கொண்டே இருந்தது. மகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். சுற்றுலா வந்தவர்கள் சோளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள், படகுக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திங்கள்கிழமைக்காரியும் அடுத்தவளும் பெரியம்மா படத்துக்கு ஏதேதோ பொம்மை போட்டிருந்தார்கள். மற்ற படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெரியவன் எழுத்து எதுவும் போடவில்லை. நாலு தடவை கூப்பிட்டிருக்கிறான்.

திரும்பக் கூப்பிடுவதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான். மகன் எடுக்காமல் போனை என்னிடம் நீட்டினான். பெரியவன் அறுபதை நெருங்குகிற ஆள், இன்னும் என்னிடம் பேசும்போது சின்னக் குரலில்தான் பேசுவான்.

பெரியம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டான். நல்லா இருக்கா, கண்ணுதான் சரியில்லை என்றேன். குளிர் அதிகமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். படமெல்லாம் வந்ததுங்கம்மா என்றான்.

"எல்லாத்தையும் பாத்தியா சாமி?"

"பாத்தனுங்க."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. சினை மாடு, சத்தத்தை வைத்தே தெரிந்தது. இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். என்ன கேட்டாலும் எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, அந்தத் தோள் மேல இருக்கறது என்ற கைதானுங்களே?"

"உன்ற கைதான்" என்றேன்.

"அதானே பாத்தேன். சரிங்கம்மா. காதைக் கட்டிக்குங்க, பனி ஆகாது." வைத்துவிட்டான்.

பேர் இல்லையே என்று கேட்கவில்லை. விரல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டான். அது போதும் என்று இருந்துவிட்டான். இத்தனை வருசமும் அவன் அப்படியேதான் இருந்திருக்கிறான் என்று அந்த அணைக்கட்டு ஓரத்தில்தான் எனக்கு உறைத்தது. கல்யாணத்தில், காதுகுத்தில், பத்திரிகையில் எங்கெங்கே அவன் பேர் கீழே போச்சோ, அங்கெல்லாம் தன் கை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். டிவியில் என் சாவைப் பார்த்தபோது வராத நடுக்கம் அப்போது வந்தது. மருமகள் சால்வையைப் போர்த்திவிட்டாள். குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

மகன் பேச்சை முழுவதும் கேட்டிருக்கிறான். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் வண்டியை எடுத்தான். காடு தாண்டுகிற வரைக்கும் எந்த டவரிலும் நிறுத்தவில்லை.

கோபாலபுரம் வந்தபோது வெள்ளிக்கிழமைக்காரி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். செக்போஸ்ட் பக்கத்தில் அவளும் அவள் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் வாய் திறக்காதவன் என்றால், இவள் அவன் பங்கையும் சேர்த்துப் பேசுகிறவள். கார் கண்ணாடி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, நீங்க இன்னும் போகலீங்களா? நான் பாதி அழுது முடிச்சுட்டனே."

பிறகு தம்பி பக்கம் குனிந்தாள்.

"ஏன்டா தம்பி, நாளைக்கு ஒப்பாரிக்கு மட்டும் அக்கா வேணும். என்ற தொண்டைதான் எட்டூருக்குக் கேக்கும். பேருக்கு மட்டும் மற்றுமா? அப்ப மற்றும் மாதிரியே ஓரமா நின்னு அழுகட்டா?"

அவன் காரை விட்டு இறங்கி அவள் முன்னால் நின்றான். தப்புதாங்கக்கா என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், நிஜமாகவே வலிக்கிற குட்டு. அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு டீயும் வடையும் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் நானே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். மகன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நீ பார்த்துக்கொண்டது போதும் என்றேன். அவன் பின்னால் வந்தான். என் படம் கம்ப்யூட்டரில் விரிந்ததும் கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்க, நான் இன்னும் சாகவில்லை என்றேன். பாவம், சின்ன வயசுக்காரர், கை எங்கெங்கேயோ போய்ப் பட்டு எழுத்தெல்லாம் பெரிசாகிப் போச்சு.

அஞ்சு பேரையும் வயசு வரிசையில் சொன்னேன். முதலில் பெரியவன். அடுத்தது வெள்ளிக்கிழமைக்காரி, அடுத்தது திங்கள்கிழமைக்காரி, அப்புறம் மற்ற ரெண்டு. மக்கள் என்று ஒரே தலைப்பு. அவர் அடிக்க அடிக்க நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெரியவன் பேரில் ஒரு கால் விட்டுப் போயிருந்தது, போடச் சொன்னேன். வழக்கமாக இப்படிப் போடுவதில்லைங்களே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வழக்கத்தைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வழக்கத்தைப் போட்டுக்கொடுங்க, எனக்கு இதைப் போடுங்க என்றேன்.

அவருக்கு என்னை எப்படியாவது சந்தோஷப்படுத்தி அனுப்ப வேண்டும் போல. தோளில் இருக்கிற அந்த விரலையும் சுத்தமாக எடுத்துவிடுகிறேன், இருந்த இடமே தெரியாது என்று கம்ப்யூட்டரில் ஓடுகிற அம்புக்குறியை அங்கே கொண்டுபோனார்.

"விரலைத் தொடாதீங்க" என்று சொன்னது நான் இல்லை. பின்னால் நின்ற என் மகன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூ வேலைப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னான். நாலு விரலும் முழுசாகத் தெரிந்தது. நகம் இல்லாத விரலும். மறைவு என்கிற இடத்தில் என்ன போடுவது என்று கடைக்காரர் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதை மட்டும் நீங்களே தெரிந்து போட்டுக்கொள்ளுங்கள், என்னால் வந்து சொல்ல முடியாது என்றேன்.

மகன் பழையதை அங்கேயே அழித்தான். புதுசை மேலே ஏற்றினான். குரூப்பிலும் அவனே போட்டான். பெரியவன் எழுத்து எதுவும் போடவில்லை. சாயங்காலம் பால் கறந்து முடித்துவிட்டு வந்தான். சீம்பால் கொண்டு வந்திருந்தான், அந்தச் சினை மாடு ஈன்றுவிட்டதாம். ஃப்ளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இதை எதற்கு எழுத வேண்டும், அதுதான் எல்லாம் பத்திரமாக மேலே இருக்கிறதே என்று பேத்தி கேட்கிறாள். ஃப்ளெக்ஸ் கம்பத்தில் எத்தனை நாள் இருக்கும்? அப்புறம் யாராவது கழற்றி ஆட்டுப் பட்டிக்குக் கூரை போடுவார்கள். மேலே இருக்கிறது என்கிறார்கள், நான் ஏறிப் பார்த்தேனா? நான் சொல்லி, நீ எழுதி, என் காது கேட்டது என்று ஒன்று இருக்கட்டும்.

நீ ஊடு என்பதை வீடு என்று எழுதினது போகட்டும். இந்த ஒன்றில் மட்டும் உன் திருத்தம் வேண்டாம் கண்ணு. மொதல் வரியிலிருந்து வாசி. அஞ்சு என்றுதான் எழுதியிருக்கிறாயா, நான் கேட்கிறேன்.